கல்லுக்கிடையே புழுதி

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் வீடு கட்ட அஸ்திவாரக் குழி தோண்டினால், பல இடங்களில் முதலில் வருவது பாறை அல்ல. முனை மழுங்கிய உருண்டைக் கற்கள், அவற்றுக்கிடையே சரளை, அதற்கும் இடையே சிவந்த பொடிமண். பெரிது சிறிது என்ற ஒழுங்கில்லாமல் எல்லாம் கலந்து கிடக்கும். குழியிலிருந்து அள்ளிய சவுடைக் கொட்டும் கொத்தனாரிடம் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தலையை நிமிர்த்தி மலையைக் காட்டுவார். கல்லைப் பொறுத்தவரை அந்தப் பதிலில் குறையே இல்லை. அந்தப் பொடிமண் முழுவதும் மலையிலிருந்துதான் வந்ததா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வறண்ட நிலத்து மலையடிவாரங்களில் மண் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று சரிவு வழியாக, வெள்ளத்தோடு. மற்றொன்று வானத்திலிருந்து, காற்றோடு. இரண்டாவது வழி மெதுவானது, சத்தமில்லாதது. அதனால் நெடுங்காலம் அறிஞர்களின் கண்ணுக்கும் தப்பியே இருந்தது.

முதல் வழியை முதலில் பார்த்துவிடலாம். அந்த மலை, அருணாசலம், 814 மீட்டர் உயரம். சுற்றிலும் ஏறக்குறைய சமவெளி. நடுவே தனித்து எழுந்த மலை என்பதால் அதன் ஓடைகள் எல்லாமே குட்டையானவை, செங்குத்தானவை. பெருமழையில் அவை கல்லையும் மண்ணையும் உருட்டிக்கொண்டு இறங்குகின்றன. அடிவாரத்தில் சரிவு தணிந்ததும் நீருக்கு வேகம் போய்விடுகிறது. சுமந்து வந்ததை அங்கேயே போட்டுவிட்டு, அடுத்த மழையில் வேறு பக்கம் வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது. இப்படிப் பல ஆயிரம் ஆண்டுகள் இடம் மாறி மாறிப் போட்டதன் விளைவு, ஓடை வாயிலிருந்து விரியும் ஒரு சாய்வான மேடு. நிலவியலில் இதற்கு வண்டல் விசிறி என்று பெயர். கலிஃபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் இத்தகைய விசிறிகள் பல கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கின்றன. லடாக்கில் லே நகரமே ஒரு விசிறியின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. அருணாசலத்தின் விசிறிகள் சின்னஞ்சிறியவை. ஒன்றோடொன்று ஒட்டி மலையின் பாதத்தைச் சுற்றிப் பாவாடையாகப் படர்ந்தவை. 1922 டிசம்பரில் ரமணர் மலைமேல் உள்ள ஸ்கந்தாசிரமத்தை விட்டு இறங்கி, தம் அன்னையின் சமாதி அருகே பாலிதீர்த்தக் கரையில் தங்கிய இடமும் இந்தத் தென் அடிவாரத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது வழியைப் புரிந்துகொள்ள, மழை குறுக்கிடாத இடத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் மொஹாவி, இஸ்ரேலின் நெகேவ் போன்ற பாலைவனங்களில் விசிறிகளின் மேற்பரப்பு ஒரு விதத்தில் விசித்திரமானது. தளம் போட்டது போலக் கற்கள் நெருக்கமாகப் பாவிக் கிடக்கும். ஒரு கல்லைப் பெயர்த்தால் அடியில் சரளையை எதிர்பார்ப்போம். அங்கே இருப்பதோ சில சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கல்லே இல்லாத, கைவிரலில் மாவாக ஒட்டும் நைசான மண். அதை உடைத்துப் பார்த்தால், பிட்ட இட்லியில் இருப்பதுபோல நுண்ணிய துளைகள். நனையும்போது உள்ளே அகப்பட்ட காற்று குமிழ்களாகத் தங்கிவிட்டதன் தடம் அது. அதற்கும் கீழேதான் மறுபடி சரளை.

கற்கள் மட்டும் எப்படி மேலே நின்றன? பழைய விளக்கம் எளிமையானது. காற்று பொடிமண்ணை ஊதிக்கொண்டு போய்விட்டது, கனமான கற்கள் எஞ்சின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காற்று பொடியை அள்ளிப் போயிருந்தால், கல்லுக்கு அடியில் இத்தனை பொடி ஏன்? 1987இல் லெஸ் மெக்ஃபேடன், ஸ்டீபன் வெல்ஸ், மைக்கேல் ஜெர்சினோவிச் மூவரும் மொஹாவியின் சிமா எரிமலைக் களத்தை வைத்து இந்தக் கதையைத் தலைகீழாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைப் பரப்புகளை. அந்தத் தேர்வில்தான் அவர்களுடைய கூர்மை இருக்கிறது. குழம்புப் பாறைக்கு மேலே எந்த ஓடையும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டவில்லை. அப்படியிருந்தும் அங்கே கல் பாவிய தரை, அதன் அடியில் கனத்த நைசு மண் அடுக்கு, அதற்கும் கீழே உடையாத பாறை. அந்த மண்ணுக்கு வானத்தைத் தவிர வேறு வழி இல்லை. காற்றில் வந்த தூசு கற்களின் இடுக்கில் விழுந்து, மழையில் அடியில் இறங்கி, சிறிது சிறிதாகக் கற்களைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கற்கள் மேற்பரப்பிலேயே பிறந்து மேற்பரப்பிலேயே இருந்தவை. சில ஆண்டுகளுக்குப் பின், விண்கதிர்கள் பாறைக்குள் உண்டாக்கும் ஹீலியம் அணுக்களை அளந்து பார்த்தபோது, மேற்பரப்புக் கற்கள் அந்தக் குழம்பு உறைந்த காலத்திலிருந்தே வெயில் பட்டுக் கிடந்தவை என்பது உறுதியானது. புதைந்து கிடந்து பிறகு வெளிவந்திருந்தால் அந்தக் கணக்கு ஒத்துவராது.

தூசு விழுகிறது என்றால் எவ்வளவு? அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் மரித் ரெஹைஸ் 1984இல் தெற்கு நெவாடாவிலும் கலிஃபோர்னியாவிலும் பல இடங்களில் தூசுப் பொறிகளை நட்டார். பொறி என்றதும் பெரிய இயந்திரத்தை நினைக்க வேண்டாம். கம்பத்தின் மேல் ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரத்தில் பொருத்திய ஒரு கேக் தட்டு. அதில் கம்பி வலை, வலையின் மேல் கண்ணாடிக் கோலிக்குண்டுகள். கல் பாவிய தரையைப் போலவே கோலிகள் தூசை இடுக்கில் வாங்கி, திரும்பப் பறக்காமல் வைத்துக்கொள்ளும். ஆண்டுக்கொரு முறை கழுவி எடுத்து எடை போட வேண்டியதுதான். பெரும்பாலான இடங்களில் கிடைத்தது ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சில கிராமிலிருந்து பதினைந்து கிராம் வரை. உள்ளங்கையில் அடங்கும் அளவு. ஆனால் பத்து கிராம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிலோ. ஆயிரம் ஆண்டுக்கு 100 டன். பரப்பிப் போட்டால் ஆறேழு மில்லிமீட்டர் கனம். பத்தாயிரம் ஆண்டு வயதான விசிறியில் அது ஒரு சாண் மண்ணில் கணிசமான பங்கு.

தூசு வெறும் நிரப்புப் பொருளும் அல்ல. அதோடு சுண்ணாம்பு வருகிறது, உப்பு வருகிறது, பாஸ்பரஸ் வருகிறது. நியூ மெக்சிகோவில் லாஸ் குரூசஸ் நகரைச் சுற்றி 1957இல் தொடங்கிய பாலைமண் ஆய்வில் லீலண்ட் கைல் குழுவினர் கண்டது இது: சுண்ணாம்பே இல்லாத எரிமலைப் பாறைச் சரளையின் மேலும் வெள்ளைச் சுண்ணாம்பு அடுக்கு உருவாகியிருக்கிறது. இளைய விசிறியில் கற்களின் அடிப்பக்கம் மெல்லிய வெள்ளைப் பூச்சு. முதிர்ந்ததில் கற்களுக்கிடையே நிரம்பிய கட்டி. மிக முதிர்ந்ததில் கடப்பாரைக்கும் மசியாத பாளம். நம் ஊரில் சுக்கான்பாறை என்கிறோமே, அதன் உறவுதான். 1999இல் ரோஸ்மேரி கேப்போ, ஆலிவர் சாட்விக் இருவரும் ஸ்ட்ரான்ஷியம் ஐசோடோப்புகளை வைத்துக் கணக்கிட்டபோது, அந்தச் சுண்ணாம்பின் கால்சியத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காற்றிலும் மழையிலும் வந்தது என்று தெரிந்தது. காலடிப் பாறை கொடுத்தது சொற்பம். மண் என்றால் பாறை மக்கியது என்று பள்ளியில் படித்தோம். பாலைவனத்தில் அந்தப் பாடத்தைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது நீரின் கதை. புதிய விசிறியின் மேல் விழும் மழை, வெறும் சரளையின் இடுக்குகளில் நேராக இறங்கிவிடும். தூசு சேரச் சேர இடுக்குகள் அடைபடுகின்றன. வயதான விசிறியில் அதே மழை உள்ளே இறங்க வழியில்லாமல் மேலோடு ஓடுகிறது. ஓடும் நீர் விசிறியையே அறுத்து ஓடை வெட்டுகிறது. நிலத்தின் உள்ளே நீர் எங்கே போகும், எங்கே தங்கும் என்பதைக் கற்கள் தீர்மானிப்பதில்லை. கற்களுக்கிடையே உள்ள பொடிதான் தீர்மானிக்கிறது.

இப்போது திருவண்ணாமலைக்குத் திரும்பலாம். மொஹாவியில் ஆண்டுக்கு 100, 150 மில்லிமீட்டர் மழை. இங்கே இரண்டு பருவமழையும் சேர்த்து ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். அத்தனை மழையில் தூசு விழுந்த இடத்தில் நிற்பதில்லை. போதாததற்குக் கறையான் மண்ணைப் புரட்டுகிறது, மண்புழு புரட்டுகிறது, வேர் பிளக்கிறது. ஆகவே கல் பாவிய தரையோ குமிழ் அடுக்கோ இங்கே தேடிப் பயனில்லை. தூசு விழாமல் இல்லை. தென்மேற்குப் பருவக் காலத்தில் அரபிக்கடலின் மேல் அரேபியாவின் பாலைத் தூசு மிதப்பதைச் செயற்கைக்கோள்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. கோடையில் உழுது காயப்போட்ட புன்செய்க் காடுகளும், வண்டி போகும் மண்சாலைகளும், ஜல்லி உடைக்கும் ஆலைகளும் உள்ளூர்ப் புழுதிக்குப் போதும். விழுகிறது. ஆனால் விழுந்ததை மழை கலைத்துவிடுகிறது. அதனால் இங்கே கண்ணால் கண்டு சொல்ல முடியாது, கணக்குப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதும் சுலபமல்ல. ஹவாய்த் தீவுகளில் பாறை முழுவதும் எரிமலை பசால்ட். அதில் குவார்ட்ஸ் கிடையாது. ஆனால் மண்ணில் குவார்ட்ஸ் இருந்தது. 1960களின் இறுதியில் அதன் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை அளந்தவர்கள் அது ஆசியக் கண்டத்திலிருந்து பசிபிக்கைத் தாண்டி வந்த தூசு என்று காட்டினார்கள். பின்னர் சாட்விக் குழு இன்னொன்றையும் சொன்னது: பல லட்சம் ஆண்டு மழையில் சத்தெல்லாம் கரைந்துபோன பழைய ஹவாய் மண்ணில் காட்டை உயிரோடு வைத்திருக்கும் பாஸ்பரஸ் அந்தத் தூசில் வந்ததுதான். அருணாசலத்தில் இந்த வித்தை பலிக்காது. நம் மலை கருங்கல் இனம், சுற்றுவட்டாரப் பாறைகளின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. குவார்ட்ஸ் இங்கே பாறையிலும் உண்டு, பக்கத்து வயலிலும் உண்டு, பாலைத் தூசிலும் உண்டு. துகளின் அளவு, ஸ்ட்ரான்ஷியம், நியோடிமியம் ஆகியவற்றின் ஐசோடோப்பு விகிதம், எளிதில் கரையாத சிர்கோனியமும் டைட்டானியமும் இருக்கும் வீதம் இவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளூர்ப் பொடியும் வந்தேறிய பொடியும் பிரியும்.

எங்கே தேடுவது என்பதில் மலையே உதவி செய்கிறது. மேல் சரிவுகளிலும் உச்சியை ஒட்டியும் வெறும் பாறைத் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் காலம் குடைந்த ஆழமில்லாத குழிகள். மழையில் நீர் தேங்கும், வெயிலில் காயும். சிலவற்றில் ஒரு பிடி மண் சேர்ந்து அதில் புல்லும் முளைத்திருக்கும். இவற்றில் மேலே சரிவோ ஓடையோ இல்லாத குழிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே உள்ள மண் ஒன்று அந்தப் பாறையே மக்கியது, அல்லது காற்றில் வந்தது. சிமாவின் எரிமலைப் பாறை அமெரிக்கர்களுக்குச் செய்த உதவியை இந்தக் குழிகள் நமக்குச் செய்யும். ஒரு எச்சரிக்கை: கார்த்திகை தீபம் எரியும் உச்சியை ஒட்டிய குழிகளை விட்டுவிட வேண்டும். பல நூற்றாண்டு நெய்யும் கரியும் கால்தூசியும் அங்கே கணக்கைக் குழப்பும்.

அளவு பற்றி ஓரளவு ஊகிக்கலாம். இலங்கையின் மத்திய மலைநாட்டில் நம் பாறைகளுக்கு நெருங்கிய உறவான பழம்பாறைகள்தான் இருக்கின்றன. அங்கே ஃபிரீட்ஹெல்ம் ஃபொன் பிளாங்கன்பெர்க், திலக் ஹேவாவசம் ஆகியோர் ஆற்று மணலில் விண்கதிர் உண்டாக்கிய பெரிலியத்தை அளந்து, இயற்கைக் காடு மூடிய சரிவு ஆயிரம் ஆண்டுக்கு 5 முதல் 30 மில்லிமீட்டர் மட்டுமே தேய்கிறது என்று 2004இல் வெளியிட்டார்கள். அவ்வளவு மழை பெய்யும் மலையிலேயே இத்தனை மெதுவாக. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பழம்பாறை மலைகள் மண் தயாரிப்பதில் அவசரப்படுபவை அல்ல. பாறை இவ்வளவு நிதானமாக மண் கொடுக்கும் இடத்தில், ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் தூசு விழுந்தால்கூட அதை ஒதுக்கிவிட முடியாது.

காற்று தமிழ்நாட்டில் மண்ணைக் கட்டியெழுப்பாது என்று நினைப்பவர்கள் தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிகள் எல்லாம் தென்மேற்குக் காற்று குவித்த செம்மணல் மேடுகள். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1883லேயே அவற்றை நிலவியல் நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளை 1956இல் சொய்னரும் ஆல்ச்சினும் விவரித்தார்கள். தேரி மணல், தூசு அல்ல. உருண்டும் துள்ளியும் போகும் மணலுக்கும், நாள்கணக்கில் மிதந்து போகும் தூசுக்கும் வேறுபாடு பெரிது. ஆனால் காய்ந்த நிலமும் காற்றும் சேர்ந்தால் இந்த மண்ணிலும் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இந்த ஆராய்ச்சியெல்லாம் ஏட்டளவில் நிற்கும் விஷயமல்ல என்பதை 2024 டிசம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை பார்த்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. அன்று மாலை அருணாசலத்தின் சரிவிலிருந்து பாறையும் சேறும் வ.உ.சி. நகர் வீடுகளின் மேல் இறங்கின. ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள், உயிரிழந்தார்கள். மீட்புப் படையினர் பெரும் பாறைகளுக்கு நடுவே இரண்டு நாள் தேடித்தான் உடல்களை எடுத்தார்கள். அடுத்த பன்னிரண்டாம் நாள் தீபம். நிலவியல் வல்லுநர்கள் மலையை ஆராய்ந்து சொன்னபின், பக்தர்கள் மலையேற அந்த ஆண்டு அனுமதி இல்லை என்று அரசு அறிவித்தது.

அன்று இறங்கியதுதான் விசிறியை உண்டாக்கும் பொருள். ரமணாசிரமத் தெருக்களில் அஸ்திவாரக் குழியில் தெரியும் கல்லும் சரளையும் பொடியும், ஒருகாலத்தில் இப்படி ஒவ்வொரு பெருமழையிலும் வந்து சேர்ந்தவை. இதில் பொடியின் பங்கைச் சொல்லியாக வேண்டும். கற்கள் மட்டும் உள்ள குவியலில் நீர் புகுந்த வேகத்தில் வெளியேறிவிடும். கற்கள் ஒன்றையொன்று முட்டி நிற்கும். இடையில் நைசு மண் நிரம்பியிருந்தால் நீர் சட்டென்று வடியாது. உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் கற்களின் பிடியைத் தளர்த்தும். பிறகு முழுக் குவியலும் குழம்பாகி ஓடும், லாரி அளவுப் பாறையையும் மிதக்கவிட்டு. அந்தச் சரிவின் பொடிமண்ணில் காற்று கொண்டுவந்தது சிறுபங்காகவே இருக்கும், பெரும்பங்கு பாறை மக்கியதுதான் என்றே கருதுகிறேன். எந்தச் சரிவில் எவ்வளவு நைசு மண் எவ்வளவு ஆழத்துக்கு இருக்கிறது என்ற வரைபடம் கையில் இருந்தால், எங்கே வீடு கட்ட அனுமதிக்கலாம், எங்கே ஒருபோதும் கூடாது என்று தெளிவாகச் சொல்லலாம். ஓடை இன்று வேறு பக்கம் போகிறது என்பதற்காக விசிறியின் மீதி நிலம் ஓடைக்கு உரியதல்ல என்று ஆகிவிடாது. மனைப்பிரிவு போடுகிறவர்களும் அதற்கு ஒப்புதல் தருகிறவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். அந்த ஏழு உயிர்களுக்கு நாம் பட்ட கடன் அது.

அதே பொடிமண்தான் இந்த மலைக்கு உணவும். ஆசிரமத்தின் பழைய புகைப்படங்களில் பின்னணியில் தெரியும் சரிவு பெரும்பாலும் பாறையும் புல்லும்தான். 1980களின் இறுதியிலிருந்து அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கமும், பின்னர் ‘தி ஃபாரஸ்ட் வே’ அமைப்பும், ஊர்க்காரர்களும் வெளியிலிருந்து வந்து தங்கியவர்களும் பல்லாயிரம் கன்றுகளை நட்டு, கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்டி, தீப்பிடித்த இரவுகளில் இலைக்கொத்தால் அடித்து அணைத்து இன்றைய பசுமையைக் கொண்டுவந்தார்கள். கன்று நட ஓரடிக் குழி எடுக்கும்போது மண்வெட்டி கல்லில் மோதும் சத்தம் அவர்களுக்குப் பழக்கம். அந்த இடுக்குப் பொடிமண்ணில்தான் வேர் பிழைக்கிறது. தூசின் கணக்கிலும் புல்லுக்குப் பெரிய இடம் உண்டு. பாலைவனத்தில் கற்கள் செய்யும் வேலையை இங்கே புல்லும் புதரும் செய்கின்றன: காற்றின் வேகத்தைத் தரையருகே குறைத்து, மிதக்கும் துகளை இறக்கி, மீண்டும் பறக்காமல் பிடித்துக்கொள்கின்றன. ஒரு கோடைத் தீ அந்தப் பொறியை ஒரே இரவில் எரித்துவிடுகிறது. அடுத்த மழை சாம்பலோடு பொடிமண்ணையும் கழுவிச் சமுத்திரம் ஏரி போன்ற தாழ்நிலங்களில் சேர்க்கிறது.

போகிற வேகத்தையும் வருகிற வேகத்தையும் ஒப்பிட்டால் மனம் பதைக்கிறது. இந்தியாவில் ஒரு ஹெக்டேரிலிருந்து ஆண்டுக்குச் சராசரியாக 16.35 டன் மண் அரித்துப் போவதாகத் துருவ நாராயணாவும் ராம்பாபுவும் 1983இல் கணக்கிட்டார்கள். மொஹாவி அளவில் தூசு விழுந்தால் அந்த ஓராண்டு இழப்பை ஈடுகட்ட 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பாறை மக்கி ஈடுகட்டுவதும் நிதானமாகத்தான். ஏரியில் தங்கிய கரம்பையைக் கோடையில் அள்ளி வயலில் கொட்டும் வழக்கம் நம் விவசாயிகளிடம் இருப்பதால் சமவெளிக்கு ஒரு பகுதியாவது திரும்பக் கிடைக்கிறது. மலைச்சரிவுக்கு யாரும் மண்ணைத் திருப்பிச் சுமந்து கொண்டுபோய்ப் போடுவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ரெஹைஸின் தட்டும் கோலிக்குண்டும் திருவண்ணாமலைக் கடைத்தெருவில் கிடைக்கும் பொருள்கள்தாம். சமவெளியில் ஒரு கல்லூரி மாடி, தென் அடிவாரத்தில் ஆசிரமப் பகுதி, ஸ்கந்தாசிரமத்தின் உயரத்தில் ஒன்று, மரம் நட்டுத் தேறிய சரிவில் ஒன்று, தீயில் எரிந்த சரிவில் ஒன்று என்று பொறிகளை வைக்கலாம். தை முதல் பங்குனி வரை, சித்திரையிலிருந்து புரட்டாசி வரை, வடகிழக்குப் பருவமழை முழுவதும் என மூன்று பிரிவாகக் கழுவி எடுத்து எடை போடலாம். மழைநீரோடு வரும் தூசு வழிந்து போகாதபடி தட்டு ஆழமாக இருக்க வேண்டும், மயிலும் குரங்கும் அண்டாதபடி வலை வேண்டும். எடுத்த பொடியைப் பாறைக் குழி மண்ணோடும் அஸ்திவாரக் குழி மண்ணோடும் ஆய்வுக்கூடத்தில் ஒப்பிட வேண்டும். மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து செய்தால் மலைமேல் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ இறங்குகிறது, அதில் பக்கத்து ஜல்லி ஆலை அனுப்பியது எவ்வளவு, கடல் கடந்து வந்தது எவ்வளவு, புல் நின்ற சரிவு எரிந்த சரிவைவிட எவ்வளவு கூடுதலாகப் பிடித்து வைத்தது என்ற எண்கள் கிடைத்துவிடும். அவற்றைச் சரிவின் மண் ஆழ வரைபடத்தோடு சேர்த்து மாநகராட்சி அலுவலகத்தில் மனை அனுமதி கொடுக்கும் மேசைக்கும், கன்று நடுகிறவர்களின் கைக்கும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.